மூன்றாம் சுற்று எதற்கு?

வெள்ளவத்தையில் நான் இருக்கும் தொடர்மாடியின் படிக்கட்டில், ரியூசனுக்குப் போகும் முன் பத்து நிமிடம் உட்கார்ந்து தொலைபேசியில் மங்கா என்ற ஜப்பானியச் சித்திரக்கதை வாசிக்கும் பையன் ஒருவன் இருக்கிறான். தரம் பத்தில் படிக்கிறான். பாடசாலை அணியில் கரப்பந்தாட்டம் ஆடுகிறான். ஒருநாள் என் கையில் இருந்த ‘ஸ்லாம் டங்க்’ புத்தகத்தைப் பார்த்துவிட்டு, ஒரு கணமும் யோசிக்காமல் தீர்ப்புச் சொன்னான்: “அங்கிள், அது முடியாத கதை. கோப்பையே எடுக்கேல்லை. ஹைக்யூதான் முழுசா முடிஞ்ச கதை.”

இது அவன் ஒருவனின் தீர்ப்பு அல்ல. விளையாட்டு மங்காக்களைப் பற்றிப் பேசும் இடங்களிலெல்லாம் இன்று செல்லுபடியாகும் நாணயம் இதுதான். தக்கேஹிக்கோ இனோவுவே வரைந்த ‘ஸ்லாம் டங்க்’ 1990இல் தொடங்கி 1996இல் பாதியில் நின்றுபோன கூடைப்பந்துக் கதையாம். ஹருயிச்சி ஃபுருடாட்டே 2012 முதல் 2020 வரை வரைந்த ‘ஹைக்யூ’ அந்தக் குறையைத் தீர்த்து, எல்லோரையும் கரை சேர்த்த கரப்பந்துக் கதையாம். முன்னது 31 தொகுதி, பின்னது 45 தொகுதி. இரண்டும் ஒரே ஜப்பானிய வார இதழில் வந்தவை என்பதால், மூத்தவன் விட்ட பிழையை இளையவன் திருத்தினான் என்று சொல்வதும் சுலபமாகிவிடுகிறது.

இரண்டையும் பலமுறை வாசித்தவன் நான். இரண்டையும் நேசிக்கிறவன். அதனால்தான் இந்தத் தீர்ப்பை ஏற்க முடியவில்லை. ‘ஸ்லாம் டங்க்’குக்கு மட்டுமன்றி ‘ஹைக்யூ’வுக்கும் இது அநியாயம் செய்கிறது.

குற்றச்சாட்டின் வலுவான பகுதியை முதலில் வைக்கிறேன். ‘ஸ்லாம் டங்க்’கின் ஷோஹொக்கு அணி அகில ஜப்பான் பாடசாலைப் போட்டிக்காக ஹிரோஷிமாவுக்குப் போகிறது. இரண்டாம் சுற்றில் நடப்புச் சம்பியனான சன்னோவை 79க்கு 78 என்று வெல்கிறது. அந்த ஒரு ஆட்டத்துக்கு இனோவுவே கடைசித் தொகுதிகள் அத்தனையையும் செலவிட்டிருக்கிறார். பிறகு மூன்றாம் சுற்று. அதற்கு ஒரு வசனம்தான். படுதோல்வி. ஆட்டத்தின் ஒரு சட்டகம்கூட வரையப்படவில்லை. அடுத்து நாம் காண்பது, முதுகு அடிபட்டுக் கடற்கரையில் சிகிச்சையில் இருக்கும் நாயகன் சகுராகியை. அதோடு முடிந்தது. போதாக்குறைக்கு இதழில் வந்த இறுதி அத்தியாயத்தின் அடியில் ‘முதற்பாகம் முற்றும்’ என்று அச்சாகியிருந்தது. இரண்டாம் பாகம் வரவில்லை. இதைப் பார்த்த ஒரு வாசகன் ஏமாந்தேன் என்று சொன்னால் அவனைக் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் எதில் ஏமாந்தான் என்று கேட்பேன். கோப்பையில் என்றால், அந்தக் கோப்பையைக் கதை எப்போது அவனுக்கு வாக்களித்தது?

சகுராகி ஹனமிச்சி கூடைப்பந்துத் திடலுக்குள் வந்தது ஒரு பெண்ணுக்காக. கீழ்ப்பாடசாலையில் 50 பெண்களால் மறுக்கப்பட்டவன், விளையாட்டுப் பிடிக்குமா என்று ஹருக்கோ கேட்டதும் பிடிக்கும் என்று பொய் சொல்கிறான். அந்தப் பொய் மெய்யாகிறதா என்பதுதான் கதை கேட்ட கேள்வி. அது எங்கே, எப்படிப் பதில் பெறுகிறது என்று பாருங்கள். பயிற்சி முகாமில் அவன் ஒரு சாதாரண ஜம்ப் ஷொட்டை 20,000 தடவை எறிந்து பழகுகிறான். கூடையைப் பிய்த்தெடுக்கும் டங்க்கைத் தவிர வேறெதையும் மதிக்காதவன் அவன். சன்னோ ஆட்டத்தின் கடைசி வினாடியில், யாருக்கும் பந்து கொடுக்க விரும்பாத அணித்தோழன் ருகாவா, தன்னோடு முதல் நாளிலிருந்து சண்டை பிடிக்கும் சகுராகிக்குப் பந்தைக் கொடுக்கிறான். சகுராகி அதை எறிகிறான். டங்க் அல்ல. அந்த 20,000இன் இன்னொன்று. கதையின் தலைப்பில் இருக்கும் ஆட்டத்தைக் கதையின் உச்சத்தில் கைவிடுகிற துணிச்சல் எத்தனை பேருக்கு வரும்? பொய் மெய்யாகிவிட்டது. இதற்குப் பிறகு மூன்றாம் சுற்று எதற்கு?

‘முழுமை’ என்று நாம் சொல்வது பெரும்பாலும் பட்டியலின் முழுமையைத்தான். முதற்சுற்று, இரண்டாம் சுற்று, அரையிறுதி, இறுதி, வெள்ளிக் கிண்ணம், தோளில் தூக்கல். இந்த நாட்டில் இந்தப் பழக்கத்துக்கு ஒரு தேதி உண்டு என்றே நினைக்கிறேன். 1996 மார்ச் 17. லாகூரில் இலங்கை கிரிக்கெட் உலகக் கிண்ணம் எடுத்த இரவு. அவுஸ்திரேலியாவும் மேற்கிந்தியாவும் கொழும்புக்கு வர மறுத்த தொடரில், எங்கள் அணி கோப்பையோடு திரும்பியது. அந்த மகிழ்ச்சியில் நானும் காலி வீதியில் நின்றவன்தான், அதைக் குறைத்துச் சொல்ல வரவில்லை. ஆனால் அதன்பின் விளையாட்டுக் கதை என்றாலே இப்படித்தான் முடியவேண்டும் என்ற எதிர்பார்ப்பு எங்களுக்குள் இறுகிப்போனது. அதே ஆண்டின் நடுப்பகுதியில்தான் ஜப்பானில் சகுராகியின் கதை கோப்பையில்லாமல் முடிந்தது.

சரி, ‘ஹைக்யூ’ அந்தப் பட்டியலை நிரப்புகிறதா? நிரப்பவில்லை. இதைத்தான் அதன் ரசிகர்களே மறந்துவிடுகிறார்கள். கரசுனோ அணி தேசியப் போட்டியில் காலிறுதியில் கமொமெதாயிடம் தோற்கிறது. அதுவும் எப்படி? நாயகன் ஹினாட்டா காய்ச்சலில் கொதித்து, ஆட்டம் முடியுமுன் திடலைவிட்டு வெளியேற்றப்படுகிறான். நாயகன் இல்லாமலேயே அணி தோற்கிறது. அதன்பின் அவனுடைய இரண்டாம், மூன்றாம் ஆண்டுகளைக் கதை பெரும்பாலும் தாண்டிக் குதித்து, பிரேசிலின் கடற்கரையில் போய் இறங்குகிறது. மூன்றாம் சுற்றை ஒரு வசனத்தில் கடந்தது குற்றமென்றால், இரண்டு முழு ஆண்டுகளைத் தாண்டியது எவ்வளவு பெரிய குற்றம்? இரண்டும் குற்றமல்ல. எதை வரையாமல் விடுவது என்று தெரிந்தவர்களின் தேர்வு அது.

அப்படியானால் இரண்டுக்கும் என்ன வேறுபாடு? இங்கேதான் ஒப்பிடுகிறவர்கள் பார்க்கத் தவறுகிற ஒன்று இருக்கிறது: அந்தந்த விளையாட்டின் விதிகள்.

கூடைப்பந்து 1891இல் அமெரிக்காவின் மசசூசெற்ஸ் மாநிலத்தில் ஸ்பிரிங்ஃபீல்டில் பிறந்தது. கரப்பந்து 1895இல் அதே மாநிலத்தில், பக்கத்து ஹோலியோக் நகரில் பிறந்தது. இரண்டையும் உருவாக்கியவர்கள் வை.எம்.சி.ஏ.காரர்கள். ஆனால் ஒரு வயிற்றில் பிறந்த இரண்டும் காலத்தை எதிரெதிராக நடத்துகின்றன. கூடைப்பந்தில் கடிகாரம் ஓடுகிறது. நீ எந்த நிலையில் இருந்தாலும் சரி, பந்து கையில் இருந்தாலும் சரி, மணி அடித்தால் முடிந்தது. கரப்பந்தில் கடிகாரம் இல்லை. கடைசிப் புள்ளியை யாராவது எடுத்தே ஆகவேண்டும். 24க்கு 24 என்று நின்றால் இரண்டு புள்ளி வித்தியாசம் வரும்வரை ஆடவேண்டும். நேரம் வந்து யாரையும் காப்பாற்றாது, யாரையும் துண்டிக்காது.

‘ஸ்லாம் டங்க்’ மணி அடித்து முடிகிற கதை. ‘ஹைக்யூ’ கடைசிப் புள்ளிவரை போகிற கதை. முன்னதைப் பார்த்து ஏன் நீ பின்னதைப்போல் இல்லை என்று கேட்பது, கூடைப்பந்து நடுவரிடம் போய் இன்னும் ஒரு புள்ளி எடுக்கவிடு என்று கேட்பது போன்றது.

விதிகளின் பிடி இதோடு நிற்கவில்லை. கூடைப்பந்தில் ஒருவன் பந்தைத் தரையில் தட்டிக்கொண்டே ஓடலாம், கையில் பிடித்துக்கொண்டு நின்று யோசிக்கலாம். அதனால் இனோவுவேயால் ஒரே மனிதனின் மூச்சோடு பத்துப் பக்கம் நடக்க முடிகிறது. கரப்பந்தில் பந்தைப் பிடிக்கக் கூடாது. ஒருவன் அடுத்தடுத்து இருமுறை தொடக்கூடாது. எவ்வளவு பெரிய வீரனும் இன்னொருவன் தூக்கிக் கொடுத்தால்தான் அடிக்கலாம். ஆகவே ஃபுருடாட்டேயின் கதைக்குப் பல தலைகள் இருந்தே ஆகவேண்டும். ஹினாட்டாவின் அணித்தோழன் காகேயாமா கீழ்ப்பாடசாலையில் தூக்கிவிட்ட பந்து, அதை அடிக்க ஒருவரும் வராமல், அவன் முதுகுக்குப் பின்னால் தரையில் விழுகிற அந்தச் சட்டகத்தை நினைத்துப் பாருங்கள். கூடைப்பந்தில் இப்படி ஒரு அவமானம் இந்த வடிவில் நேர வழியே இல்லை. ‘ஹைக்யூ’வின் நூற்றுக்கணக்கான மனிதர்கள் அந்த விழுந்த பந்திலிருந்து புறப்பட்டவர்கள்.

இன்னொரு குற்றச்சாட்டும் உண்டு. எதிரணிக்காரர்களையும் தோற்றவர்களையும் ‘ஹைக்யூ’ மனிதர்களாகப் பார்க்கிறது, ‘ஸ்லாம் டங்க்’ தன் அணியைத் தவிர யாரையும் பார்ப்பதில்லை என்கிறார்கள். முதற்பாதி உண்மை. கரசுனோவிடம் முதல் சுற்றிலேயே தோற்கும் டொக்கொனாமி என்ற சிறிய அணியை ஃபுருடாட்டே கைவிடவில்லை. அவர்கள் உடை மாற்றும் இடம், மேல்தளத்தில் நின்று மற்ற ஆட்டங்களைப் பார்ப்பது, அந்த நாளில் தோற்ற அத்தனை அணிகளின் முகங்கள் என்று பக்கங்களை ஒதுக்குகிறார். தாங்களும் கரப்பந்தாட்டம் ஆடினோம் என்று அவர்கள் உணர்வதை வாசிக்கும்போது இன்றும் தொண்டை அடைக்கிறது. கதையின் முடிவில் ஒருவன் பொலிஸ்காரன், ஒருவன் ஆசிரியன், ஒருவன் நூதனசாலை ஊழியன் என்று எல்லோருக்கும் ஒரு வாழ்க்கை கிடைக்கிறது.

இரண்டாம் பாதி உண்மையல்ல. சன்னோ ஆட்டத்தின் நடுவே, ஷோஹொக்கு அணித்தலைவன் அககி தன்னைவிடத் திறமையான சன்னோவின் கவத்தாவிடம் அடிமேல் அடி வாங்கித் தன்னம்பிக்கை இழந்து நிற்கும்போது, திடலின் ஓரத்துக்கு ஒருவன் வருகிறான். சமையற்காரர் உடை. கையில் கத்தியும் ஒரு நீண்ட முள்ளங்கியும். மாவட்டப் போட்டியில் ஷோஹொக்குவிடம் தோற்று, விளையாட்டை விட்டுவிட்டு, வீட்டுத் தொழிலான சமையலுக்குப் போய்விட்ட உவொசுமி. அங்கேயே உட்கார்ந்து முள்ளங்கியைத் தாள்போல மெல்லியதாகச் சீவுகிறான். காவலாளிகள் வந்து பிடிக்கிறார்கள். அவன் அககிக்குச் சொல்ல வந்தது இதுதான்: கவத்தா பகட்டான மீன், நீ சேற்றில் கிடக்கும் தட்டைமீன். நீ சேற்றில் புரளு. தோற்ற ஒருவன், தன்னைத் தோற்கடித்தவனை நிமிர்த்துவதற்கு, தான் புதிதாகக் கற்கும் தொழிலைக் கையில் எடுத்துக்கொண்டு வருகிறான். தோற்றவர்களுக்குப் பின்னர் என்ன ஆனது என்று ‘ஸ்லாம் டங்க்’ கேட்கவில்லையா? மிட்சுயி யார்? இரண்டு ஆண்டுகளைத் தொலைத்துவிட்டு, திடலை உடைக்க வந்து, கடைசியில் பயிற்றுநர் அன்சாய் முன்னால் அழுது விழுந்தவன் யார்? 2022 டிசம்பரில் வெளிவந்த ‘த ஃபர்ஸ்ட் ஸ்லாம் டங்க்’ படத்தை இனோவுவே தானே இயக்கினார். அதே சன்னோ ஆட்டத்தை, கடலில் அண்ணனை இழந்த ஒக்கினாவாப் பையன் மியாகி ரியோட்டாவின் கண்ணால் திரும்பப் பார்த்தார். விட்ட இடத்திலிருந்து கதையைத் தொடர எல்லா வாய்ப்பும் இருந்தது. அவர் தொடரவில்லை. அதே ஆட்டத்துக்குள் இன்னும் ஆழமாக இறங்கினார்.

உண்மையான ஒப்பீடு வேறோர் இடத்தில் இருக்கிறது. அதை யாரும் தொடுவதில்லை என்பதுதான் என் ஆதங்கம். இரண்டு கதைகளும் தங்கள் உச்சத்தில் ஒரே நிலைமையை வைக்கின்றன: நாயகனின் உடம்பு உடைகிறது, ஆட்டம் மிச்சமிருக்கிறது. சகுராகி முதுகு அடிபட்டுப் படுத்திருக்கிறான். தொடர்ந்து ஆடினால் இனி எப்போதும் ஆட முடியாமல் போகலாம். அவன் எழுந்து, அன்சாயின் பொற்காலம் எது என்று அவரிடமே கேட்டு, தன்னுடையது இந்த நேரம்தான் என்று சொல்லித் திடலுக்குள் போகிறான். ஹினாட்டா காய்ச்சலோடு நிற்கிறான். அவனும் போகமாட்டேன் என்கிறான். ஆசிரியர் தக்கேதா அவன் முன்னால் முழந்தாளிட்டு, நெடுங்காலம் ஆட நினைப்பவன் இன்று வெளியே போகத்தான் வேண்டும் என்று விளக்குகிறார். ஹினாட்டா அழுதபடி போகிறான். அதன்பின் உடம்பைப் பேணக் கற்று, மணலில் ஆடப் பழகி, ரியோவில் சைக்கிளில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்துப் பிழைத்து, மீண்டு வருகிறான்.

ஒருவன் இருந்தான், ஒருவன் போனான். இரண்டும் நேரெதிரான பதில்கள். கடிகாரம் ஓடுகிற விளையாட்டில் நாளை என்பது இல்லை. கடிகாரம் இல்லாத விளையாட்டில் நாளையைத் தவிர வேறொன்றும் இல்லை. எது சரி? வாசகனாக நான் சகுராகியிடம் மண்டியிடுகிறேன். அந்தப் படிக்கட்டுப் பையன் காய்ச்சலோடு திடலில் நின்றால், தக்கேதாவைப்போல் அவனை வெளியே இழுத்துவருவேன். இந்த முரண்பாடு எனக்குள் தீரவில்லை. தீராததால்தான் இரண்டு புத்தகமும் என் அலுமாரியில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. ஒன்று மற்றதன் திருத்திய பதிப்பு என்றால், இரண்டில் ஒன்றை நான் எப்போதோ தூக்கிக் கொடுத்திருப்பேன்.

‘முடியாத கதை’ என்ற சொல் என்னை இவ்வளவு சுடுவதற்கு வேறொரு காரணமும் உண்டு.

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் நான் ஒரு கொழும்புப் பாடசாலையின் கூடைப்பந்து அணியில் இருந்தேன். பின்னேரங்களில் கொட்டாஞ்சேனையில் ஒரு சீமெந்துத் திடலில் ஆடுவோம். ஒரு வளையத்தில்தான் வலை இருந்தது. அந்தப் பக்கம் எறிய எல்லோருக்கும் ஆசை, ஏனென்றால் பந்து வலையில் உரசி இறங்கும் சத்தம் அங்கேதான் கேட்கும். எங்கள் அணியில் பந்தைக் கொண்டுபோகிறவன் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவன். ஊரில் கரப்பந்தாட்டம், அதுவும் ஓவர் கேம் ஆடிப் பழகியவன். விரல்கள் அவ்வளவு மென்மை. வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் குடும்பத்தோடு இருந்தான். அந்தக் காலத்தில் அந்த லொட்ஜுகள் நிறைய வெளிநாட்டுக்கு ஏஜென்சிக்காரனின் அழைப்புக்காகக் காத்திருந்தவர்கள்தான். எப்போது போவோம் என்று அவர்களுக்கே தெரியாது. தெரிந்தாலும் யாரிடமும் சொல்லக்கூடாது என்பது கட்டளை.

19 வயதுக்குட்பட்டோர் தொடரில் இரண்டாம் சுற்றுக்குப் போனோம். வென்ற அன்று ஒரு படம் எடுத்தார்கள். எட்டுப் பேர், அவன் நடுவில் பந்தோடு. மூன்றாம் சுற்று அடுத்த கிழமை. அன்று காலை அவன் வரவில்லை. பயிற்றுநர் வாசலைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு லொட்ஜுக்கு ஆள் அனுப்பினோம். அறை பூட்டியிருந்தது, முந்தின இரவே போய்விட்டார்கள் என்று பதில் வந்தது. ஆடினோம். எத்தனை புள்ளியில் தோற்றோம் என்று எனக்கு இன்றும் சரியாக நினைவில்லை. அந்தப் படம் பாடசாலைச் சுவரில் ஏறவில்லை. வெல்லாத அணியின் படத்தை ஏன் மாட்டவேண்டும்? அதில் இருக்கும் எட்டுப் பேரில் ஐந்து பேர் இன்று இந்த நாட்டில் இல்லை.

பல ஆண்டுகளுக்குப் பிறகு ‘ஸ்லாம் டங்க்’கின் இறுதித் தொகுதியை வாசித்தபோது, சன்னோவை வென்றபின் ஷோஹொக்கு அணி எடுத்த குழுப்படம் வந்தது. அந்தப் படம் எந்த இதழின் அட்டையிலும் வரவில்லை என்று இனோவுவே அங்கே எழுதியிருக்கிறார். புத்தகத்தை மூடி வைத்துவிட்டு யன்னலுக்குப் போய் நின்றேன். இதை எழுதியவர் எங்களை அறிந்திருக்கிறார் என்று தோன்றியது. எங்களில் பெரும்பாலானோருக்கு விளையாட்டு என்பது உயர்தரப் பரீட்சை வரை, அல்லது விசா வரும்வரை. மணி அடித்துவிடும். அதற்குள் நடந்தது நடந்ததுதான். அது பாதி அல்ல. அந்தக் கொட்டாஞ்சேனைத் திடலில் அவன் எனக்குத் தந்த ஒவ்வொரு பந்தும் முழுமையான பந்துதான்.

1991இல் கரப்பந்தாட்டம் இந்த நாட்டின் தேசிய விளையாட்டாக்கப்பட்டது. ‘ஹைக்யூ’ இங்கே பிள்ளைகளின் மனதில் இவ்வளவு விரைவாக இறங்கியதற்கு அதுவும் காரணமாக இருக்கலாம். நல்லது. 162.8 சென்ரிமீற்றர் உயரத்தோடு வலைக்கு முன்னால் குதிக்கும் ஹினாட்டாவைப் பார்த்து ஒரு பையன் தானும் குதிக்க முயன்றால் அதைவிட வேறென்ன வேண்டும்? அந்த நேசத்தை நான் கேள்வி கேட்கவில்லை. அதை மற்றதன் தலையில் அடிக்கும் தடியாக்க வேண்டாம் என்றுதான் கேட்கிறேன்.

2004 டிசம்பரில், ‘ஸ்லாம் டங்க்’ 10 கோடிப் பிரதிகள் விற்றதற்கு நன்றி சொல்ல, இனோவுவே கனகாவா மாவட்டத்தில் மூடப்பட்டிருந்த ஒரு பாடசாலைக்குப் போய், 23 கரும்பலகைகளில் சுண்ணக்கட்டியால் கதையின் பத்து நாள் பிற்பாட்டை வரைந்தார். மூன்று நாள் மட்டும் பார்வைக்கு. ரசிகர்கள் எட்டு ஆண்டு காத்திருந்த தொடர்ச்சி அது. அதில் அடுத்த போட்டி இல்லை. அவரவர் தங்கள் சாதாரண நாளுக்குத் திரும்பியிருந்தார்கள்.

இதையெல்லாம் அந்தப் பையனுக்குச் சொல்லவில்லை. கனடாவிலிருந்து மருமகன் கொண்டுவந்த 31ஆம் தொகுதியை எடுத்துக் கொடுத்தேன், அவ்வளவுதான். வலமிருந்து இடமாகப் புரட்டி, வேகமாகத்தான் தொடங்கினான். சன்னோ ஆட்டத்தின் கடைசிக் கணங்கள் வந்ததும் விரல் மெதுவாகியது. அந்தப் பக்கங்களில் ஒரே ஒரு முணுமுணுப்பைத் தவிர எழுத்து இல்லை. கோடுகளும், வியர்வையும், வாய் திறந்தபடி உறைந்த முகங்களும்தான். கீழே அவனுடைய அம்மா ரியூசனுக்கு நேரமாகிறது என்று கூப்பிட்டார். அவன் எழும்பவில்லை. ருகாவாவும் சகுராகியும் கை தட்டிக்கொள்ளும் அந்த இரட்டைப் பக்கத்தில் நின்றான். பிறகு முன்னால் போய், அதே பக்கங்களைத் திரும்பப் புரட்டினான்.

“அங்கிள், இதில ஒருத்தரும் கதைக்கேல்லையே,” என்றான்.

“ஓம், கதைக்கேல்லை,” என்றேன்.